பஞ்சு ஏற்றப் பிறந்த கலிபோர்னியன்

கேள்வி இது: டைட்டானிக் மூழ்கிய இரவில் பக்கத்திலேயே ஒரு சரக்குக் கப்பல் நின்றதாம், வாணங்களைப் பார்த்தும் போகவில்லையாம். அது என்ன கப்பல், அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தது, கேப்டன் மேல் உண்மையிலேயே குற்றம் உண்டா?

அந்தக் கப்பலின் பெயர் கலிபோர்னியன். நான் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவன். இந்தக் கதையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேப்டன் நின்ற இடத்தையும் கடலில் இருந்த தூரத்தையும் அளந்துகொண்டிருப்பார்கள். என் கண் போவது வயர்லெஸ் அறைக்கு. அங்கே ஒரே ஒரு ஆள் இருந்தான், அவன் தூங்கப் போய்விட்டான். இதை வைத்துத்தான் நான் அந்த இரவைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஏன் ஒரே ஆள் என்று தெரிய வேண்டுமானால் அது எந்த மாதிரிக் கப்பல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊர், சணல் ஆலைகளுக்குப் பேர்போனது. அங்கே காலிடன் கப்பல் கட்டும் தளத்தில் 1901 நவம்பர் 26 அன்று கலிபோர்னியனைத் தண்ணீரில் இறக்கினார்கள். அதுவரை டண்டீயில் கட்டிய கப்பல்களிலேயே பெரியது அதுதான். நீளம் 447 அடி, அகலம் 53 அடி, மொத்தக் கொள்ளளவு 6,223 டன். (இந்த டன் எடைக்கணக்கு அல்ல; கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. பலரும் இதில் குழம்புவார்கள்.) நான்கு கம்பங்கள், நடுவில் ஒற்றைப் புகைபோக்கி. 1902 ஜனவரி 31 அன்று டண்டீயிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. போன இடம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ்.

போன இடத்திலேயே கப்பலின் தொழில் தெரிந்துவிடுகிறது. லிவர்பூலைத் தலைமையிடமாகக் கொண்ட லேலண்ட் லைன் அதைப் பஞ்சு ஏற்றத்தான் கட்டச் சொன்னது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் விளைந்த பஞ்சு மெக்சிகோ வளைகுடாத் துறைமுகங்களில் ஏறி, லிவர்பூலில் இறங்கி, லங்காஷயர் ஆலைகளுக்குப் போகும். ஒரு பேல், அதாவது அழுத்திக் கட்டிய ஒரு பஞ்சுக் கட்டு, சுமார் 500 பவுண்டு எடை. பஞ்சு கனம் குறைவு, இடம் அடைக்கும். ஆகவே அதை எவ்வளவு நெருக்கி அடுக்குகிறோமோ அவ்வளவு காசு. நியூ ஆர்லியன்சிலும் கால்வெஸ்டனிலும் இதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். கப்பலின் அடித்தளத்தில் இறங்கித் திருகு ஜாக்கி வைத்து, ஏற்கெனவே நிறைந்துவிட்டது போலத் தெரியும் இடத்தில் இன்னும் சில பேல்களைத் திணித்து விடுவார்கள். பஞ்சுக்குள் ஒரு பொறி விழுந்தால் நாள்கணக்கில் உள்ளேயே கனிந்துகொண்டிருக்கும் என்பது பஞ்சுக் கப்பலில் போகிறவர்களின் நிரந்தரப் பயம்.

எஞ்சின் அந்தக் காலச் சரக்குக் கப்பல்களின் வழக்கமான மும்மடி விரிவு நீராவி எஞ்சின். பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் சின்ன சிலிண்டரைத் தள்ளும். அங்கே அழுத்தம் குறைந்து வெளியே வருவது நடுத்தர சிலிண்டருக்குப் போகும், அதிலிருந்து பெரிய சிலிண்டருக்கு. ஒரே நீராவியை மூன்று முறை பிழிந்து வேலை வாங்குகிற ஏற்பாடு. வேகம் வராது, ஆனால் நிலக்கரி மிச்சமாகும். கலிபோர்னியனுக்குச் சாதாரண ஓட்டம் மணிக்கு 12 கடல் மைல், மூச்சுப் பிடித்தால் 13. டைட்டானிக் அந்த இரவில் 22 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஓடியது. அவசரம் இல்லாத சரக்குக்கு 12 போதும்.

மாலுமிகள் 55 பேருக்கு இடம், பயணிகள் 47 பேருக்கு. பயணிகள் கூடுதல் வருமானம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட கப்பலில் ஒவ்வொரு ஆளுக்கும் கணக்கு உண்டு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு வாட்ச், அதாவது காவல் முறை. கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் ஒரு அதிகாரி, கூட ஒரு பயிற்சி மாலுமி. கீழே கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன்கள். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் விஞ்சுகளுக்கு நீராவி தருகிற சிறு பாய்லரைப் பார்த்துக்கொள்ள ஒரு டாங்கிமேன். பத்து ஆண்டுகள் அட்லாண்டிக்கில் இப்படியே போய் வந்துகொண்டிருந்தது. அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. சரக்குக் கப்பலுக்கு அதுதான் நல்ல பெயர்.

இன்னொரு விவரம். லேலண்ட் லைனும் டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் லைனும் 1902 முதல் ஜே.பி. மார்கன் உருவாக்கிய ஒரே அமெரிக்கக் கப்பல் கூட்டு நிறுவனத்தின் கீழ் இருந்தவை. மூழ்கிய கப்பலும் நின்ற கப்பலும் ஒரே முதலாளி வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது வயர்லெஸ் அறை. 1912-இல் சரக்குக் கப்பலில் வயர்லெஸ் இருந்ததே பெரிய விஷயம். ஆபரேட்டர் கப்பல் கம்பெனி ஆள் அல்ல, மார்கோனி கம்பெனி ஆள். டைட்டானிக்கில் இரண்டு பேர், ஜாக் பிலிப்ஸும் ஹரால்டு பிரைடும், மாற்றி மாற்றி இரவு முழுவதும் உட்கார்ந்தார்கள். கலிபோர்னியனில் ஒருவர்தான், 20 வயது சிரில் எவன்ஸ். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பதினொன்று வரை. அதற்கு மேல் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

1912 ஏப்ரல் 5 அன்று கலிபோர்னியன் இங்கிலாந்திலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. பயணிகள் யாரும் இல்லை. கேப்டன் ஸ்டான்லி லார்டுக்கு வயது 34. பதின்மூன்று வயதில் கடலுக்கு வந்து படிப்படியாக மேலே ஏறியவர், கண்டிப்பானவர். ஏப்ரல் 14 மாலை தெற்கே மூன்று பெரிய பனிமலைகள் தெரிந்தன. அதை ஏழரை மணி அளவில் அண்டிலியன் என்ற கப்பலுக்குச் செய்தியாக அனுப்பினார்கள். டைட்டானிக் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டது. இரவு 10:20-க்கு எதிரே பனித்திட்டு குறுக்கே நீண்டு கிடந்தது. லார்டு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டச் சொல்லிக் கப்பலை நிறுத்தினார். அவருடைய கடல் வாழ்க்கையில் பனித்திட்டைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. விடிந்த பிறகு போகலாம் என்று முடிவெடுத்தார். அந்த முடிவில் ஒரு குறையும் இல்லை. அதே கடலில் வேகத்தைக் குறைக்காமல் போன கப்பலுக்கு என்ன ஆனது என்று உலகத்துக்கே தெரியும்.

பதினொரு மணிவாக்கில் கிழக்கே ஒரு கப்பலின் விளக்கு தெரிந்தது. பக்கத்தில் என்னென்ன கப்பல்கள் இருக்கின்றன என்று லார்டு எவன்ஸைக் கேட்டார். டைட்டானிக் மட்டும்தான் என்றான் எவன்ஸ். நாம் பனிக்கு நடுவே நிற்கிறோம் என்று அவர்களுக்குச் சொல் என்றார் கேப்டன். எவன்ஸ் மோர்ஸ் அனுப்புகிற விசையைத் தட்டினான்.

இந்த இடத்தை என் தொழில் தெரிந்தவர்கள் வேறு மாதிரி படிப்பார்கள். தூரத்து நிலையத்தின் மெல்லிய ஒலியைப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்துக் கப்பல் திடீரென்று விசையைத் தட்டினால் ஹெட்போனில் இடி இறங்கும். பிலிப்ஸ் அப்போது இன்றைய கனடாவில் உள்ள கேப் ரேஸ் நிலையத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய இரவில்தான் டைட்டானிக்கின் கருவி பழுதாகி, இரண்டு பேரும் கண்விழித்துச் சரிசெய்திருந்தார்கள். பயணிகளின் தந்திகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அந்த நேரத்தில் காதைக் கிழிக்கிற மாதிரி வந்தது எவன்ஸின் தட்டல். "சும்மா இரு, சும்மா இரு, நான் வேலையாக இருக்கிறேன், கேப் ரேஸோடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் வந்தது. முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் ஆபரேட்டர்களுக்குள் இது புழங்குகிற பேச்சுத்தான். எவன்ஸும் கோபப்படவில்லை. ஆனால் அவன் ஒரு தவறு செய்திருந்தான். கேப்டனிடம் சேர்க்க வேண்டிய செய்தி என்று காட்டுகிற முன்குறியைப் போடாமல், நண்பனிடம் பேசுவது போல அனுப்பிவிட்டான். முன்குறி இருந்திருந்தால் பிலிப்ஸ் அதை எழுதிப் பிரிட்ஜுக்கு அனுப்பியாக வேண்டும்.

எவன்ஸ் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிலிப்ஸ் நிறுத்துவதாகத் தெரியவில்லை. 11:35-க்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தான். இரண்டு கப்பல்களின் கடிகாரங்களுக்கும் இடையே சில நிமிட வித்தியாசம் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தால், அவன் படுத்ததும் டைட்டானிக் பனிமலையில் உரசியதும் ஏறக்குறைய ஒரே சமயம்.

இதற்கப்புறம் நடந்ததுதான் என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்கிற விஷயம். மூன்றாம் அதிகாரி சார்லஸ் குரோவ்ஸுக்கு வயர்லெஸில் ஆர்வம். எவன்ஸிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார். நள்ளிரவில் வாட்ச் முடிந்து இறங்கியவர், தூங்கப் போகுமுன் எவன்ஸின் அறைக்குள் எட்டிப்பார்த்தார். எவன்ஸ் படுக்கையில். என்ன கப்பல்கள் பேசுகின்றன என்று கேட்டார். டைட்டானிக் மட்டும்தான் என்று அரைத்தூக்கத்தில் பதில். குரோவ்ஸ் ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தார். மணி சுமார் 12:15.

அந்தக் காலத்து மார்கோனி வாங்கியில் காந்த உணரி என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே மெல்லிய இரும்புக் கம்பி நாடா இரண்டு சக்கரங்களின் மேல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். காந்தங்களுக்குப் பக்கத்தில் அது நகர்ந்தால்தான் அலை ஒலியாகும். சக்கரத்தைச் சுற்றுவது மின்சாரம் அல்ல, சுவர்க் கடிகாரம் போலச் சாவி கொடுக்கிற விசை. அந்தச் சாவி தீர்ந்து போயிருந்தது. சாவி கொடுக்க வேண்டும் என்பது குரோவ்ஸுக்குத் தெரியாது. காதில் ஒன்றும் விழவில்லை. ஹெட்போனை வைத்துவிட்டு அவரும் தூங்கப் போனார். டைட்டானிக்கின் முதல் அபயச் செய்தி, அன்றைய வழக்கப்படி சி.கியூ.டி., ஏறத்தாழ அதே நிமிடங்களில்தான் காற்றில் ஏறியது. கையால் நாலு சுற்று. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

எவன்ஸ் மேல் கோபப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 58 மைல் தூரத்திலிருந்து பாய்ந்து வந்து உயிர்களைக் காப்பாற்றிய கார்பாத்தியா கப்பலிலும் ஒரே ஒரு ஆபரேட்டர்தான், ஹரால்டு காட்டம். அவரும் படுக்கப் போய்க்கொண்டிருந்தார். வேறொரு கப்பலிடம் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் வருமோ என்று ஹெட்போனைக் கழற்றாமல் உடையை மாற்றிக்கொண்டிருந்ததால் அபயச் செய்தி அவருக்குக் கேட்டது. பிழைத்த சுமார் 705 பேரும் அந்தப் பழக்கத்தால் பிழைத்தவர்கள். இரண்டு கப்பல், இரண்டு இளைஞர்கள், ஒரே மாதிரி வேலை நேரம். ஒருவர் ஹெட்போனை வைத்திருந்தார், மற்றவர் கழற்றிவிட்டார்.

பிரிட்ஜில் நடந்தது வேறு கதை, அங்கே நான் யாரையும் அவ்வளவு சுலபமாக விட மாட்டேன். நள்ளிரவில் இரண்டாம் அதிகாரி ஹெர்பர்ட் ஸ்டோன் வாட்ச் ஏற்றார், கூடப் பயிற்சி மாலுமி ஜேம்ஸ் கிப்சன். தெற்கே நின்ற கப்பலைப் பார்த்து விளக்கால் மோர்ஸ் அடித்தார்கள், பதில் இல்லை. 12:45 அளவில் அந்தக் கப்பலுக்கு மேலே ஒரு வெள்ளை வெளிச்சம். பிறகு இன்னொன்று. ஐந்து வெள்ளை வாணங்களைப் பார்த்த பிறகு ஸ்டோன் பேசுகுழாயில் கேப்டனை எழுப்பினார். லார்டு உடை மாற்றாமல் வரைபட அறைச் சோபாவில் படுத்திருந்தார். அவர் கேட்ட கேள்வி: அவை கம்பெனி சிக்னல்களா?

இதற்கு விளக்கம் தேவை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கப்பல் கம்பெனியும் தனக்கென்று நிறம் நிறமாக வாண அடையாளம் பதிவு செய்து வைத்திருக்கும். இரவில் இரண்டு கப்பல்கள் எதிர்ப்பட்டால் நான் இன்னார் என்று சொல்ல அதை விடுவார்கள். ஆகவே கேள்வி முட்டாள்தனமானது அல்ல. ஆனால் அன்றைய விதி தெளிவாகவே இருந்தது: எந்த நிறமானாலும் சரி, சிறு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக விடப்படும் வாணங்கள் ஆபத்துச் சமிக்ஞை. ஸ்டோன் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை என்றார். தொடர்ந்து மோர்ஸ் அடி, தகவல் கிடைத்தால் பையனை அனுப்பு என்று சொல்லிவிட்டு லார்டு மறுபடி படுத்தார்.

மொத்தம் எட்டு வாணங்கள். சும்மா ஒரு கப்பல் கடலில் வாணம் விடாது என்று ஸ்டோன் தன்னிடம் சொன்னதாகக் கிப்சன் பிறகு விசாரணையில் சொன்னான். அந்தக் கப்பலின் விளக்குகள் ஏதோ கோணலாகத் தெரிகின்றன, ஒரு பக்கம் தூக்கியிருப்பது போல இருக்கிறது என்றும் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டு மணிக்கு விளக்கு மறைந்தது. கிப்சன் இறங்கிப் போய்க் கேப்டனிடம் சொன்னான். எல்லாம் வெள்ளையா என்று அவர் மறுபடி கேட்டதாகக் கிப்சன் சாட்சி. கதவு திறந்து மூடிய சத்தம்தான் நினைவிருக்கிறது என்று லார்டு சாட்சி. டைட்டானிக் 2:20-க்கு மூழ்கியது. மூன்றரை மணியை ஒட்டித் தெற்கே இன்னும் சில வாணங்கள் தெரிந்தன. அவை வந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிவிக்கக் கார்பாத்தியா விட்டவை.

நான்கு மணிக்கு வாட்ச் ஏற்ற தலைமை அதிகாரி ஜார்ஜ் ஸ்டூவர்ட் இதையெல்லாம் கேட்டு நிம்மதி இழந்தார். ஐந்தரை மணிக்குச் சற்று முன் எவன்ஸை எழுப்பினார். இரவில் ஒரு கப்பல் வாணம் விட்டிருக்கிறது, என்னவென்று பார் என்றார். எவன்ஸ் சாவி கொடுத்து, ஹெட்போன் மாட்டி, விசையைத் தட்டிய சில நிமிடங்களில் செய்தி வந்துவிட்டது: டைட்டானிக் மூழ்கிவிட்டது. எழுப்பினால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இதுவே பதில். வயர்லெஸ் அறை சில எட்டு தூரம்தான்.

லார்டு ஆறு மணிக்குக் கப்பலைக் கிளப்பினார். அபயச் செய்தியில் சொன்ன இடத்துக்குப் பனியை ஊடுருவி மேற்கே போய், தெற்கே இறங்கி, மறுபடி பனியைக் கடந்து கிழக்கே திரும்பி, எட்டரை மணிவாக்கில் கார்பாத்தியாவின் பக்கத்தில் வந்து நின்றார். அதற்குள் கடைசிப் படகிலிருந்தவர்களையும் ஏற்றி முடித்துவிட்டார்கள். கலிபோர்னியன் சுற்றிச் சுற்றித் தேடியது, உடைசல்களைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு பாஸ்டனுக்குப் போனது, ஏப்ரல் 19 அன்று சேர்ந்தது.

பாஸ்டனில் டாங்கிமேன் எர்னஸ்ட் கில் 500 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம், தான் டெக்கில் நின்று வாணங்களைப் பார்த்ததாகச் சொன்னான். காசுக்காகச் சொன்னான் என்று அவனைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஸ்டோனும் கிப்சனும் பிறகு சொன்னதோடு அவன் சொன்னதின் சாரம் ஒத்துப்போகிறது. அதற்குள் ஒரு விஷயம் வெளியே வந்தது. கப்பலின் பதிவேட்டில் வாணங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரவில் தவறு நடக்கும், தூக்கக் கலக்கத்தில் மனிதன் தப்பாக யோசிப்பான். பகல் வெளிச்சத்தில் பேனாவை எடுத்து எழுதும்போது எட்டு வாணங்களை விட்டுவிட்டு எழுதுவது வேறு.

அமெரிக்க செனட் விசாரணையும், லார்டு மெர்ஸி தலைமையில் நடந்த பிரிட்டிஷ் விசாரணையும் கலிபோர்னியன்மேல் பழி போட்டன. (மெர்ஸியின் "லார்டு" பிரபுப் பட்டம், கேப்டனுக்கு அது குடும்பப் பெயர்.) முதல் வாணத்தைப் பார்த்ததும் புறப்பட்டிருந்தால் இறந்தவர்களில் பலரை, ஒருவேளை எல்லோரையுமே, காப்பாற்றியிருக்கலாம் என்று மெர்ஸி அறிக்கை சொன்னது. இரண்டு கப்பல்களுக்கும் இடையே எட்டுப் பத்து மைல்களுக்கு மேல் இருக்காது என்பது அவர் கணக்கு. லார்டு கடைசிவரை 19 மைலுக்கு மேல் என்றே சொன்னார். அவர் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை, கேப்டனாக இருக்க உரிமை தரும் மாஸ்டர் சான்றிதழும் பறிபோகவில்லை. ஆனால் லேலண்ட் லைன் அந்த ஆண்டிலேயே அவரை வெளியே அனுப்பியது. 1913-இல் வேறொரு கம்பெனியில் சேர்ந்து 1920-களின் பிற்பகுதிவரை கப்பல் ஓட்டினார். டைட்டானிக் பற்றிய ஒரு திரைப்படம் 1958-இல் வந்ததும், முதியவராகிவிட்ட லார்டு மாலுமிச் சங்கத்தின் வாசலுக்குப் போய் என் பெயரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். 1962-இல் இறந்தார்.

1985-இல் கடலடியில் டைட்டானிக் கிடைத்தபோது கணக்கு மாறியது. அபயச் செய்தியில் சொன்ன இடத்துக்கு 13 மைல் கிழக்கே அது கிடந்தது. எல்லோரும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தவறான புள்ளியிலிருந்து அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள். பிரிட்டன் அரசின் கடல் விபத்து ஆய்வுப் பிரிவு மறுபடி ஆராய்ந்து 1992-இல் அறிக்கை தந்தது. அந்த ஆய்வுக்குள்ளேயே கருத்து பிளந்தது. ஒருவர் ஐந்து முதல் ஏழு மைல் என்றார், மற்றொருவர் 17 முதல் 20 மைல் என்றார். இரண்டு விஷயங்களில் ஒத்துப்போனார்கள்: கலிபோர்னியனில் இருந்தவர்கள் பார்த்தவை டைட்டானிக்கின் வாணங்கள்தான், அவர்கள் சும்மா இருந்தது தவறு. ஆனால் உடனே கிளம்பியிருந்தாலும் மூழ்குவதற்கு முன் போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை.

என் எண்ணம் இதுதான். தூரத்தை வைத்து லார்டைத் தூக்கிலிடுவதும் தூரத்தை வைத்தே விடுதலை செய்வதும் ஒரே தவறு. இருட்டில், பனித்திட்டுக்குள், 12 மைல் வேகக் கப்பலால் 1,500 பேரையும் தூக்கியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. தண்ணீர் உறைநிலைக்கும் கீழே இருந்தது. விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் 12:45-க்கு எவன்ஸை எழுப்பியிருந்தால் அவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு போய்ச் சேர முடியாமல் போவது ஒன்று, தெரிந்துகொள்ள ஆளை எழுப்பாமல் இருந்தது இன்னொன்று. டைட்டானிக்கின் கேப்டன் படகுகளில் சிலவற்றை அந்தத் தூரத்து விளக்கை நோக்கித் துடுப்புப் போடச் சொல்லித்தான் இறக்கினார். துடுப்புப் போட்டவர்கள் அதை நம்பிப் போட்டார்கள்.

ஸ்டோன் ஏன் கேப்டனின் அறைக்கு நேரில் இறங்கிப் போகவில்லை என்று கேட்பார்கள். கண்டிப்பான கேப்டனிடம் வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும். ஒரு முறை எழுப்பிவிட்டோம், பதில் சொல்லிவிட்டார், இன்னொரு முறை எழுப்பி அது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? அந்தத் தயக்கத்தை நான் பல பிரிட்ஜ்களில் பார்த்திருக்கிறேன். இளைய அதிகாரி குழாய்க்கு முன்னால் நிற்பான், கை நீளும், திரும்பி வரும். என் காலத்தில் கேப்டன்கள் இரவு ஆணைப் புத்தகத்தில் 'சந்தேகம் என்றால் என்னைக் கூப்பிடு' என்று கையெழுத்துப் போட்டு எழுதி வைப்பார்கள். அதை எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சட்டம் வேகமாக மாறியது. அமெரிக்கா 1912-லேயே பயணிகள் கப்பல்களில் இரவு பகலாக வயர்லெஸ் காவல் வேண்டும் என்று சட்டம் போட்டது. 1914 ஜனவரி 20 அன்று லண்டனில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. பனிமலைகளைக் கண்காணிக்கும் ரோந்து தொடங்கியது. ஒரே ஆபரேட்டர் உள்ள சரக்குக் கப்பல்களுக்குப் பிறகு தானியங்கி மணி வந்தது: நான்கு நொடிக் கோடுகள் பன்னிரண்டு, ஒரு நொடி இடைவெளியோடு, வரிசையாக வந்தால் கருவியே மணி அடித்துத் தூங்குகிறவனை எழுப்பும். எவன்ஸின் தலைமாட்டில் இல்லாமல் போன மணி அதுதான். நான் வேலை பார்த்த ரேடியோ அறைகளில் சுவர்க் கடிகார முகத்தில் இரண்டு சிவப்புத் துண்டுகள் வரைந்திருக்கும். 15-லிருந்து 18 நிமிடம், 45-லிருந்து 48 நிமிடம். முள் அதற்குள் நிற்கும் வரை உலகம் முழுக்க எல்லோரும் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஆபத்து அழைப்புக்கான அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் காதை மட்டும் வைத்திருக்க வேண்டும். யாராவது மெலிதாகக் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்த மூன்று நிமிட மௌனத்தில் எத்தனையோ முறை எவன்ஸை நினைத்திருக்கிறேன். 1999 பிப்ரவரியில் செயற்கைக்கோள் வழி ஏற்பாடு முழுதாக வந்து எங்கள் பதவியே கப்பல்களிலிருந்து போய்விட்டது.

கலிபோர்னியன் மறுபடி சரக்கு ஏற்றப் போய்விட்டது. கப்பலுக்குத் தண்டனை ஏது? வேறு கேப்டனின் கீழ் அதே கொடியோடு ஓடியது. உலகப் போர் வந்ததும் அரசு அதைப் போர்ப் பணிக்கு எடுத்துக்கொண்டது. மத்தியதரைக் கடல் பக்கம் அனுப்பப்பட்டது. 1915 நவம்பர் 9 அன்று கிரேக்கத்தின் சலோனிகாவிலிருந்து பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது காலையில் முதல் டார்பிடோ தாக்கியது. உடனே மூழ்கவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். பிற்பகலில் இன்னொரு டார்பிடோ. மூழ்கடித்த கணக்கு ஜெர்மன் நீர்மூழ்கி யு-35-இன் பெயரில் இருக்கிறது. கிரேக்கத்தின் மட்டபான் முனைக்குத் தென்மேற்கே சுமார் 60 மைலில் போய்விட்டது. இறந்தவர் ஒருவர், மற்ற எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள்.

டைட்டானிக்கைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், கார்பாத்தியாவையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கலிபோர்னியன் இன்னும் கிடைக்கவில்லை. இன்று அதன் படம் என்று எல்லா இடத்திலும் போடுகிற புகைப்படம் ஒன்று உண்டு. நான்கு கம்பங்கள், ஒற்றைப் புகைபோக்கி, தட்டையான சாம்பல் கடல். 1912 ஏப்ரல் 15 காலையில், கார்பாத்தியாவின் டெக்கில் நின்ற ஒரு பயணி, வந்துகொண்டிருந்த கப்பலைப் பார்த்து எடுத்தது.